பென் டிரைவ் வேகம்: பெட்டி சொல்லாத கணக்கு

பெட்டியில் ‘யூஎஸ்பி 3.2 ஜென் 1, 5 ஜிபிபிஎஸ்’ என்று அச்சிட்டிருக்கிறது. கோப்பை ஏற்றினால் விநாடிக்கு 12 மெகாபைட்தான் ஏறுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

கடைக்காரரை விட்டுவிடுங்கள், பெட்டி பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 5 ஜிபிபிஎஸ் என்பது இணைப்பின் வேகம். அதுவும் பிட் கணக்கு (ஜிபிபிஎஸ் என்றால் விநாடிக்கு ஜிகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்). அனுப்பும் முறைக்கே செலவாகும் பிட்களைக் கழித்துப் பைட்டாக்கினால் அதிகபட்சம் விநாடிக்கு 500 மெகாபைட். உள்ளே இருக்கும் சிப் எவ்வளவு வேகமாக எழுதும் என்பது வேறு சங்கதி. மூன்று அங்குலக் குழாய் பதித்துவிட்டு அரைக் குதிரைத்திறன் மோட்டாரை மாட்டினால் தண்ணீர் எவ்வளவு வரும்?

பெயரைக் கண்டும் மயங்க வேண்டாம். 2008இல் யூஎஸ்பி 3.0 என்று வந்ததே பிறகு 3.1 ஜென் 1 ஆகி, இப்போது 3.2 ஜென் 1 என்று உலவுகிறது. வேகம் அதே 5தான். பெட்டியில் ‘130 மெகாபைட் வரை’ என்று இருந்தால் அது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்தைச் சொல்லாத டிரைவை நான் வாங்குவதில்லை.

தொடக்கத்தில் 90 மெகாபைட்டில் பறக்கிறது. சிறிது நேரத்தில் 8க்கு இறங்கிவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. முதலில் நீங்கள் பார்க்கும் வேகம் பல சமயம் கணினியின் நினைவகத்தில் கொட்டும் வேகம்தான். சில டிரைவ்களில் சிப்பின் ஒரு பகுதியும் வரவேற்பறைபோல் வேலை செய்யும். அங்கே, தகவலைத் தேக்கும் நுண்ணிய அறை (செல்) ஒவ்வொன்றிலும் ஒரு பிட் மட்டும் எழுதுவதால் வேகம் அதிகம். அது நிரம்பியதும், ஓர் அறைக்குள் மூன்று பிட்களைத் திணிக்க வேண்டும். மூன்று பிட் என்றால் எட்டு மின்னழுத்த நிலைகளைத் துல்லியமாகப் பிரித்து வைக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். தொட்டால் சுடுகிறதா என்றும் பாருங்கள். சூடேறினாலும் சில டிரைவ்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 20 ஜிபி திருமண வீடியோ சீக்கிரம் ஏறுகிறது. அதே 20 ஜிபிக்கு 6,000 புகைப்படங்கள் என்றால் உயிர் போகிறது.

ஒவ்வொரு படத்துக்கும் பெயரைப் பதிய வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், அட்டவணையைத் திருத்த வேண்டும். டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதியதன் மேலேயே எழுத முடியாது. அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அழிப்பதோ பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். சின்னத் திருத்தத்துக்காகச் சில சமயம் பழைய தகவலை இடம் மாற்றவும் வேண்டியிருக்கும். படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக்கி ஏற்றுங்கள். சுருக்கத் தேவையில்லை, கட்டினால் போதும். வாடிக்கையாளர் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பார் என்றால் மட்டும் இந்த வழி உதவாது. டிவி பெரும்பாலும் ஜிப்பைத் திறக்காது.

100 சதவீதம் காட்டிய பிறகும் விளக்கு மினுக்குகிறது. பிடுங்கலாமா?

கூடாது. குறிப்பாக லினக்ஸில், திரையில் முன்னேற்றக் கோடு முடிந்த பிறகும் கணினியின் நினைவகத்தில் உள்ளது டிரைவுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து ‘விரைவாக அகற்றுதல்’ (எஜெக்ட் கொடுக்காமலே பிடுங்க விடும் ஏற்பாடு) இயல்பு அமைப்பாக இருக்கிறது. ஆனாலும் விளக்கு அணையும்வரை பொறுப்பது நல்லது.

வீட்டில் வேகம், அலுவலகத்தில் மந்தம். டிரைவ் ஒன்றுதான்!

அலுவலகத்தில் செருகும் துளை பழைய யூஎஸ்பி 2.0ஆக இருக்கலாம். அதில் நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். துளைக்குள்ளே நீல நிறம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் 3.0. நிறத்தை எல்லா நிறுவனங்களும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் ஓர் அடையாளம். இன்னொரு வேடிக்கை: 3.0 டிரைவை மெல்ல மெல்லச் செருகினால் பழைய நான்கு தொடுமுனைகள் முதலில் பட்டு, கணினி அதை 2.0 என்று முடிவுகட்டிவிடுவதுண்டு. கழற்றி, ஒரே அழுத்தில் செருகிப் பாருங்கள்.

500 ரூபாய்க்கு 2 டெராபைட் கிடைக்கிறதே?

கிடைக்காது. கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றிய டிரைவ் அது. உண்மையான இடம் நிரம்பியதும் கோப்புகள் பாழாகும். எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 போன்ற இலவச நிரல்கள் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்துக் குட்டை உடைத்துவிடும்.

டிஃப்ராக் செய்தால் வேகம் கூடுமா?

சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் அது, சுழலும் வட்டுக்கான வைத்தியம். இங்கே வீணாக எழுதி எழுதி டிரைவின் ஆயுளைத்தான் குறைப்பீர்கள்.