நான்கே மாதத்தில் விலகும் மேலாளர்: தேர்வு எங்கே தவறுகிறது?

கேள்வி: எட்டுப் பேர் பணிபுரியும் சிறிய விநியோக நிறுவனம் நடத்துகிறேன். ஆள்சேர்ப்பு முகவர் வழியாக எடுத்த விற்பனை மேலாளர் நான்கு மாதத்தில் விலகிவிட்டார். அவருக்கு முன்பிருந்தவரும் அப்படியே. இருவருமே பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள், நேர்காணலில் நன்றாகப் பேசியவர்கள். அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: விற்பனையில் ஊறியவருக்கு ஒரு மணி நேரம் தம்மையே விற்றுக்கொள்வது பெரிய காரியமன்று, நீங்கள் அளந்ததும் அதை மட்டுமே. அனுபவ ஆண்டுகளையும் பெரிதாக நம்ப வேண்டாம். பணித்தேர்வு முறைகளைப் பற்றி உளவியலாளர்கள் ஷ்மிட், ஹண்டர் இருவரும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1998-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அனுபவ ஆண்டுகளுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு, முழுப் பொருத்தத்தை 1 என்று கொண்டால், 0.18 மட்டுமே. இருந்தும் ‘பத்தாண்டு அனுபவம் கட்டாயம்’ என்ற வரி இல்லாமல் ஒரு விளம்பரமும் வெளிவருவதில்லை.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் அங்கேயே மதிப்பெண் இடுங்கள். உளவியலாளர் சாக்கெட்டின் குழுவினர் இத்தகைய தேர்வு முறைகளைப் பற்றி 2022-இல் செய்த மறுகணக்கீட்டில் முதலிடம் பெற்றது இந்தக் கட்டமைந்த நேர்காணல்தான். அதனுடன் மெய்யான வேலையில் ஒரு துண்டையும் கொடுங்கள். பழைய பாக்கியைத் தீர்க்காமலே கூடுதல் கடன் கேட்டு வாடிக்கையாளர் எழுதிய கடிதம் ஒன்றை, பெயரை நீக்கிக் கொடுத்து, அரை மணி நேரத்தில் பதில் எழுதச் சொல்லுங்கள். பாக்கி எவ்வளவு, எத்தனை நாளாக நிற்கிறது என்று உங்களிடம் கேட்காமலே இனிக்க இனிக்க வாக்குக் கொடுப்பவரை அங்கேயே அடையாளம் கண்டுவிடலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்களே அறியாத வேலைக்கு, உதாரணமாக மென்பொருள் அல்லது கணக்குத் தணிக்கைக்கு, ஆள் எடுக்கும்போது இந்தச் சோதனை பயன்படாது. விடை சரியா என்று உங்களுக்கே தெரியாது. அப்போது அத்தொழிலில் இருக்கும் வெளியார் ஒருவரைக் கட்டணம் கொடுத்தேனும் உடன் அமர்த்துங்கள், கேள்விகளையும் அவரே அமைக்கட்டும், மதிப்பெண்ணையும் அவரே இடட்டும். ஆனால் அவர் அந்த முகவர் அனுப்பியவராகவோ, வந்திருப்பவரின் பழைய நண்பராகவோ இருக்கக் கூடாது.

இனி முகவர். அவருடைய கட்டணம் பெரும்பாலும் ஆண்டு ஊதியத்தின் விழுக்காடு; ஆகவே ஊதியத்தை உயர்த்திப் பேசுவது அவருக்கு ஆதாயம். மாற்று ஆள் தரும் உறுதி பல ஒப்பந்தங்களில் 90 நாளோடு முடிகிறது. உங்கள் மேலாளர் அதற்குப் பிறகுதான் விலகினார். சதி என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஆள் நிலைத்தால் ஒரு முறை, ஓடினால் இன்னொரு முறை என்று வருமானம் வரும் ஏற்பாட்டில் நிலைப்பவரைத் தேடித்தர யாருக்கு அக்கறை இருக்கும்? கட்டணத்தின் ஒரு பகுதியை ஆறு மாதம் கழித்தே தருவதாகவும், தாம் சேர்த்துவிட்டவரை முகவர் வேறிடத்துக்கு அழைக்கக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். வந்தவரிடம் முகவர் பணம் பெற்றாரா என்றும் கேளுங்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் பெறலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறினாலும், பெறுபவர்கள் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த விளம்பரத்துக்கு முன், விலகிய இருவரையும் அழைத்து, சேரும்போது சொன்ன பொறுப்பும் சேர்ந்தபின் கிடைத்த பொறுப்பும் ஒன்றாக இருந்தனவா, தள்ளுபடி தரும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். மேலாளர் என்று பெயர் கொடுத்துவிட்டு ஒவ்வொரு விலையையும் நீங்களே முடிவு செய்திருந்தால், முதலில் திருத்த வேண்டியது அந்தப் பதவியைத்தான்.