போர்டில் எழுதிய பெயர்

வணக்கம் மேடம்,

எனக்கு 45 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் 1995-ல் பத்தாவது முடித்தேன். இப்போது கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி, ஒரு மகள், வீட்டுக் கடன், எல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஸ்கூல் விஷயத்துக்கு ஒரு ஆள் தூக்கம் கெட்டுக் கிடப்பானா என்று நீங்கள் நினைக்கலாம், எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் மூன்று வாரமாக ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.

எங்கள் பத்தாவது செட் பையன்கள் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார்கள். 41 பேர் சேர்ந்துவிட்டார்கள், பொங்கல் லீவில் எல்லோரும் சந்திப்பதாகத் திட்டம். அதில் யாருமே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'லீடர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் நான்தான் க்ளாஸ் லீடர். "நம்ம லீடர் மாதிரி நேர்மையானவன் கிடையாது, மாமா பையன் பேரையே போர்டுல எழுதினவன்" என்று ஒருத்தன் போட, அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

சார் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரை எழுத வேண்டும், திரும்பப் பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. எத்தனை குறியோ அத்தனை அடி. புளிய விளாறில். (ஒரு நாள் யாருமே பேசவில்லை என்று போர்டை வெறுமையாக விட்டதற்கு எனக்கு விழுந்தது, அது வேறு கதை.)

கடைசி பெஞ்ச்சில் ஒருத்தன் இருந்தான். மிமிக்ரி பண்ணுவான், எந்த சாரையும் விடமாட்டான். எனக்கு அண்ணன் போட்டுக் கழித்த டவுசர்தான், இடுப்பில் நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பேன். ஒரு நாள் என்னைப் போலவே நடந்து காட்டினான். க்ளாஸே சிரித்தது. மறுநாளிலிருந்து தினமும் அவன் பெயரை எழுதினேன், அவன் வாயே திறக்காத நாளில்கூட இரண்டு குறி, மூன்று குறி. ஒரு மாதம் போல. ஒரு தடவை அவன் சாக்பீஸ் வாங்க ஆபீஸ் ரூமுக்குப் போயிருந்தான், அப்போதும் எழுதினேன். திரும்பி வந்தவனுக்கு மூன்று அடி. அவன் ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான்.

பத்தாவதில் அவன் கணக்கில் ஃபெயில். அந்த வருஷமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அடித்தது கணக்கு சார். அந்த அடியில்தான் அவனுக்குக் கணக்கே வெறுத்துப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது சொந்தமாகப் பவர் டேபிள் (பனியன் தைக்கும் யூனிட்) வைத்து, இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறானாம். போன மாதம் அவனையும் குரூப்பில் சேர்த்தார்கள். முதல் மெசேஜே எனக்குத்தான்: "லீடர், நல்லா இருக்கீங்களா?" 'நீங்க' என்று எழுதியிருந்தான். நான் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நான் நல்ல பையன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். குரூப்பிலேயே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடலாமா? இல்லை, நேரில் சந்திக்கும்போதா? அவன் வாழ்க்கையை மாற்றியதே நான்தான் என்று அவனிடம் சொல்ல வேண்டுமா? அன்றைக்கு நான் யாராக இருந்தேன் மேடம்?

— பெயர் வேண்டாம், கோவை

*

அன்புள்ள கோவை வாசகருக்கு,

'சின்ன வயசுதானே, விடுங்கள்' என்று ஏற்கெனவே உங்கள் மனைவியோ நண்பரோ சொல்லியிருப்பார்கள், அது வேலை செய்யாததால்தான் எனக்கு எழுதுகிறீர்கள். நானும் அதையே சொல்லப்போவதில்லை. பேசாதவர் பெயரைப் பேசியதாக எழுதி அடி வாங்க வைத்தது தவறு, தெரிந்தே செய்தீர்கள், அதுவும் ஒரு மாதம். அது சரி. ஆனால் அந்த ஒரு மாதத்தை வைத்து நீங்கள் கட்டியிருக்கும் மற்ற விஷயங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டு, "அது வேறு கதை" என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு கதையாகத் தெரியவில்லை. போர்டு வெறுமையாக இருந்தால் லீடருக்கு அடி என்று ஒரு முறை தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த லீடராவது போர்டை வெறுமையாக விடுவானா? யாராவது ஒருவர் பெயர் அங்கே இருந்தே ஆக வேண்டும். வகுப்பை அமைதியாக வைக்கும் பெரியவர்கள் வேலையை ஒரு பதினான்கு வயதுப் பையன் கையில் சாக்பீஸோடு கொடுத்துவிட்டு, கணக்குக் காட்டவில்லை என்றால் உனக்கே அடி என்று வைத்திருந்தார்கள். விளாறு உங்கள் கையில் இல்லை. யார் பெயரை எழுதுவது என்று தேர்ந்தெடுத்தது மட்டும்தான் உங்களுடையது. அதைத்தான் நீங்கள் சுமக்க வேண்டும், மொத்தத்தையும் அல்ல.

அந்த டவுசர் விஷயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: வளரிளம் பருவத்தில் எந்நேரமும் ஒரு கூட்டம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகப் பிள்ளைகளுக்குத் தோன்றும், அப்படியொரு கூட்டம் பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கு அன்று நிஜமாகவே ஒரு கூட்டம் சிரித்தது, அதுவும் வீட்டின் வறுமையைப் பார்த்து. நீங்கள் செய்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் "நான் யாராக இருந்தேன்" என்ற கேள்விக்குப் பதிலில் இதுவும் ஒரு பகுதி. அவமானப்பட்ட ஒரு பையன், கையில் கிடைத்த அதிகாரத்தை அந்த அவமானத்துக்குப் பயன்படுத்தினான்.

அடுத்தது, நினைவு. சிகாகோ பக்கத்தில் டேனியல் ஆஃபர் என்ற மனநல மருத்துவர் 1962-ல் பதினான்கு வயதுப் பையன்களைப் பேட்டி எடுத்தார். வீடு, பெற்றோர், அடி, நண்பர்கள், தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றெல்லாம். அவர்களில் 67 பேரை 48 வயதில் மறுபடி தேடிப்பிடித்து, 'அப்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள்' என்று கேட்டார்கள். அன்று சொன்ன பதிலையும் இன்று நினைவிலிருந்து சொன்ன பதிலையும் ஒப்பிட்டால், காசு சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட மேலாக ஒன்றும் பொருந்தவில்லை. 2000-ல் இதை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட உங்கள் வயதுக்காரர்கள்தான். உங்கள் சம்பவம் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் "ஒரு மாதம்", "மூன்று அடி", அந்தப் பார்வைக்கு நீங்கள் கொடுத்திருக்கும் அர்த்தம், இதெல்லாம் 45 வயதுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு நிரப்பியதாகவும் இருக்கலாம். குரூப்பில் எல்லோரும் சொல்லும் அந்த 'நேர்மையான லீடர்' மாதிரிதான் இதுவும்.

அவர் கணக்கில் ஃபெயில் ஆனதற்கும் படிப்பு நின்றதற்கும் நீங்கள்தான் காரணம் என்பதற்குக் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. (நீங்கள் அவன் என்று எழுதுகிறீர்கள், நான் அவர் என்றே எழுதுகிறேன், இருபது மெஷின் போட்டு வேலை கொடுக்கிறவர்.) அந்தக் காலத்தில் உங்கள் பக்கத்துப் பையன்கள் பள்ளியை விட்டுத் திருப்பூர் போனதற்கு வீட்டுக் கஷ்டம், வாரக் கூலி, ஏற்கெனவே அங்கே போன அண்ணன் என்று எத்தனையோ காரணங்கள். அவருடைய காரணம் அவருக்குத்தான் தெரியும். "உன் வாழ்க்கையை மாற்றியதே நான்தான்" என்று போய்ச் சொன்னால் அவர் இத்தனை வருஷம் உழைத்துச் சேர்த்த வாழ்க்கையை ஒரு விபத்தாக்கிவிடுவீர்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அதில் மன்னிப்பைவிடப் பெருமைதான் அதிகம் என்று எனக்குப் படுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குரூப்பில் கேட்கவே வேண்டாம். 41 பேர் பார்க்கும் இடத்தில் நீங்கள் மன்னிப்புக் கேட்டால் அவர் 'பரவாயில்லை' என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அவர் அடி வாங்கிய கதை மறுபடி எல்லோர் முன்னாலும் ஓடும், கைதட்டல் பொம்மைகள் மறுபடி உங்களுக்குத்தான் வரும். பொங்கல் சந்திப்பும் சரிப்படாது, அங்கே பிரியாணியும் போட்டோவும்தான் நடக்கும்.

தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள்: "உன்கூட ஒரு பத்து நிமிஷம் பேசணும், ஸ்கூல் விஷயம்தான், எப்ப வசதிப்படும்?" அவர் சரி என்றால் மட்டும் கூப்பிடுங்கள். செய்ததை மட்டும் சொல்லுங்கள்: "நீ என்னை மாதிரி நடந்து காட்டினதுக்கு அப்புறம், நீ பேசாத நாள்லயும் உன் பேரை எழுதினேன். வேணும்னேதான் எழுதினேன். தப்பு, மன்னிச்சுக்க." இவ்வளவுதான். 'மனசு கஷ்டப்பட்டிருந்தா' என்று ஆரம்பிக்காதீர்கள், மூன்று அடி வாங்கினால் கஷ்டப்படாமல் என்ன செய்யும். வெறும் போர்டுக்கு நீங்கள் அடி வாங்கியதை அந்தப் பேச்சில் கொண்டுவர வேண்டாம், அதை என்னிடம் சொல்லியாகிவிட்டது.

அவருக்குச் சுத்தமாக நினைவில்லாமல் இருக்கலாம், அது உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். 'பரவாயில்லை விடுங்க லீடர்' என்று பேச்சை முடித்துவிடலாம், நம் ஊரில் அந்தச் சொல் பல நேரம் மன்னிப்பு அல்ல, மரியாதையாகக் கதவைச் சாத்துவது, திறக்கச் சொல்லித் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். கோபமாக நாலு வார்த்தை பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அல்லது நீங்கள் மறந்தே போன வேறு ஏதாவது ஒன்றை, நல்லதோ கெட்டதோ, அவர் சொல்லலாம். அன்றைக்கு நீங்கள் யார் என்பதற்கு உங்கள் நினைவைவிட அது நல்ல சாட்சி, அதனால் நீங்கள் பேசி முடித்ததும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

பேசிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

சனிக்கிழமை கூப்பிடாதீர்கள். திருப்பூரில் அது சம்பளம் போடும் நாள், அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஞாயிறு சாயந்திரம் பாருங்கள்.