பழைய பறக்கும் தட்டுச் சம்பவங்கள் பல சாதாரண விமானங்கள்தான் என்கிறார்களே, எப்படிச் சரிபார்ப்பது?

உங்கள் வீட்டுப் பெரியவர் யாரோ பார்த்ததாகச் சொன்னதை வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அவர் பொய் சொல்கிறார் என்று ஆரம்பிக்காதீர்கள். வெளிச்சத்தைப் பார்த்தது நிஜமாக இருக்கும், அது என்ன வெளிச்சம் என்பதைத்தான் தேட வேண்டும்.

எங்கள் வீடு குன்றத்தூர்ப் பக்கம். மீனம்பாக்கத்தில் மேற்கிலிருந்து இறங்கும் விமானங்கள் எங்கள் பக்கமாகத்தான் வரும். தெருவில் ரிட்டயர் ஆன அண்ணன் ஒருவர், மேற்கே வெள்ளை வெளிச்சம் ஒன்று சத்தமே இல்லாமல் அசையாமல் நின்று, பிறகு இரண்டாகப் பிரிந்ததை செல்போனில் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டார். சிலர் ஏலியன் என்றார்கள், மற்றவர்கள் அவரைக் கேலி செய்தே ஒரு வழி பண்ணிவிட்டார்கள். எனக்கு ரொம்பக் கோபம். எத்தனை மணி, எந்தத் தென்னைக்கு மேலே, எவ்வளவு நேரம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு மறுநாள் அதே நேரத்துக்கு அவர் வீட்டு மாடியில் போய் நின்றேன். வந்தது. விமானம் நம்மை நோக்கி நேராக வரும்போது லேண்டிங் லைட் ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் தெரியும், தூரத்தில் ஒன்றாகத் தெரிகிற விளக்குகள் கிட்டே வரவரப் பிரியும், அப்புறம்தான் இறக்கை நுனியில் சிவப்பும் பச்சையும் தெரியும், சத்தம் அதற்கும் பிறகு. பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். "சக்கரமே தெரியுதே தம்பி" என்றார்.

பழைய சம்பவங்களுக்கும் இதே வேலைதான். 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் நெவாடாவில் யூ-2 உளவு விமானம் பறக்கத் தொடங்கியபோது பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 10,000 முதல் 20,000 அடியில் போய்க்கொண்டிருந்தன. யூ-2 போனது 60,000 அடிக்கும் மேலே. கீழே இருக்கும் விமானிக்குப் பொழுது சாய்ந்துவிட்டது, மேலே அதன் வெள்ளி இறக்கையில் இன்னும் வெயில் அடிக்கிறது, அவர் வேறு என்னவென்று நினைப்பார்? பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்க அமெரிக்க விமானப்படை வைத்திருந்த ப்ளூ புக் என்ற குழு, இப்படி வந்த புகார்களை யூ-2 பறந்த குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பல பொருந்தின. ஆனால் ரகசியம் என்பதால் புகார் எழுதியவர்களுக்கு உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை, என்னால் மன்னிக்க முடியாதது அதுதான்.

உடனே யூ-2ஐப் பறக்கவிட்ட அமெரிக்க உளவு நிறுவனம் சி.ஐ.ஏ.வுக்கு ஜால்ரா அடிக்கிறேன் என்று வராதீர்கள். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் உளவு விமானங்கள்தான் என்று 1997ல் வந்த அவர்களுடைய கட்டுரை சொல்வதை நானும் அப்படியே ஏற்கவில்லை, அதை மறுக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ப்ளூ புக்கிலேயே 12,618 புகார்களில் 701க்கு விடை கிடைக்கவில்லை. விடை இல்லை என்றால் இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொன்று, ஒரே ராத்திரியில் நடந்த இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கிறதா பாருங்கள். 1997 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்து வானில் பலர் பார்த்த வெளிச்சங்கள் அப்படித்தான். எட்டு மணி வாக்கில் வி வடிவத்தில் போனதைத் தொலைநோக்கியில் பார்த்த ஒருவருக்குத் தனித்தனி விமானங்களாகத் தெரிந்தது. பத்து மணிக்குத் தெரிந்தது ராணுவப் பயிற்சியில் விமானத்திலிருந்து போட்ட ஃபிளேர்கள், அதாவது எரிந்துகொண்டே மெதுவாக இறங்கும் வெளிச்சக் குண்டுகள், மலைக்குப் பின்னால் இறங்க இறங்க ஒவ்வொன்றாக மறைந்தன.

நீங்கள் அந்தப் பெரியவரிடம் தேதி, நேரம், திசை மூன்றையும் கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள்.