உயில், புரொபேட்: எல்லையோர வாசகர்களுக்குப் பதில்கள்

ஐயா, பாலக்காடு சித்தூரில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, பொள்ளாச்சியில் ஒரு வீடு. அப்பா ஒரே உயிலில் எழுதி என்னை எக்ஸிகியூட்டராகப் போட்டிருக்கிறார். பாலக்காடு ஜில்லா கோர்ட் புரொபேட் போதுமா?
- கொழிஞ்சாம்பாறை

போதாது. புரொபேட் என்பது உயில் செல்லும் என்று எக்ஸிகியூட்டருக்கு, அதாவது உயிலை நிறைவேற்ற அதில் நியமிக்கப்பட்டவருக்கு, கோர்ட் தரும் சான்று. ஜில்லா ஜட்ஜ் தரும் புரொபேட் பொதுவாகக் கேரளத்துக்குள் மட்டும்தான் செல்லும். வெளி மாநிலச் சொத்தின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டாது என்று அவர் சான்று கொடுத்தால் எல்லை கடக்கும். அந்தத் தொகைக்குப் பொள்ளாச்சியில் வீட்டு வாசற்படிகூட வராது. ஹைகோர்ட் புரொபேட் இந்தியா முழுவதும் செல்லும். எர்ணாகுளத்தில் உள்ள கேரள ஹைகோர்ட்டில் மனு போடுங்கள். தோப்புக்குப் போக்குவரவு (கேரளத்தில் நில வரிக் கணக்கில் பெயர் மாற்றுவது), வீட்டுக்குப் பட்டா மாறுதல் இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

உயில் ரெஜிஸ்டர் ஆகவில்லை. செல்லுமா?
- வேலந்தாவளம்

செல்லும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வர முடியுமா என்று இன்றே விசாரியுங்கள்.

அம்மா உயில் எழுதிவிட்டு இறந்துவிட்டார். அடுத்து என்ன?
- கோபாலபுரம்

மூல உயில் யாரிடம் இருக்கிறது, எக்ஸிகியூட்டர் யார், சொத்து எங்கே? ஒன்றையுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? எக்ஸிகியூட்டரே நியமிக்கப்படவில்லை என்றால் புரொபேட் கிடைக்காது. உயிலை இணைத்து லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் அதிகாரப் பத்திரம், கேட்க வேண்டும். மூல உயிலை லாமினேட் செய்துவிடாதீர்கள்.

அண்ணன்தான் எக்ஸிகியூட்டர். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பாவின் பணத்தை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இப்போது கூட்டுறவு பாங்கு அப்பா வாங்கிய கடனைக் கேட்கிறது. நாங்கள் கட்ட வேண்டுமா?
- சித்தூர்

எத்தனை வீடுகளில் பார்த்தாயிற்று இதை! காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊருக்குப் போவதற்குள் பிரித்துவிட வேண்டும் என்று ஏன் இந்த அவசரம்? சட்டத்தில் வரிசை இருக்கிறது. முதலில் இறுதிச் சடங்குச் செலவும் கடைசி நாட்களின் வைத்தியச் செலவும். அடுத்து புரொபேட் வாங்கும் செலவு. பிறகு, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அவரிடம் வேலை செய்தவர்களுக்கு நிற்கும் கூலி. தோப்பு வேலைக்காரர்களை யாரும் நினைப்பதே இல்லை. அதன் பிறகு மற்றக் கடன்கள். உயிலில் எழுதிய பங்குகளுக்குக் கடைசி இடம்தான். இறந்து ஒரு வருஷம் ஆகும்வரை பங்கைக் கொடுத்தே தீர வேண்டும் என்று எக்ஸிகியூட்டரை யாரும் நெருக்க முடியாது. அந்த ஒரு வருஷம் கடன்காரர்களைத் தேடி விசாரிப்பதற்குத்தான்.

கடன் இருப்பது தெரிந்தே பிரித்திருந்தால் அண்ணன் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டி வரும். நீங்களும் தப்ப முடியாது: வாங்கிய பங்கைத் திருப்பிக் கொடுக்கும்படி பாங்கு கேட்கலாம். பாங்கிலிருந்து கணக்கு விவரம் வாங்கிப் பார்த்துவிட்டு எல்லோரும் பங்குக்கேற்பப் போட்டுக் கடனை அடையுங்கள். அண்ணன் புரொபேட் வாங்கியிருந்தால் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருஷத்தில் வரவு செலவும் கோர்ட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வையுங்கள்.

சென்னை ஃபிளாட்டுக்குப் புரொபேட் கட்டாயம் என்கிறார்களே?
- செங்கோட்டை

பழைய கதை. அப்படிக் கட்டாயமாக்கியிருந்த, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் தகராறு வரும் என்றால் கட்டாயமில்லாவிட்டாலும் வாங்கிவிடுங்கள்.

இன்சூரன்ஸுக்கு நாமினி நான். பணம் எனக்குத்தானே?
- களியக்காவிளை

நாமினி என்பதாலேயே உங்களுக்கு ஆகிவிடாது. நாமினி வாங்கி உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர் என்று 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்றோர், மனைவி, கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் இன்சூரன்ஸ் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு பணம் அவர்களுக்கே என்ற வாதமும் இருக்கிறது. பாலிசியோடு வக்கீலைப் பாருங்கள். வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் ரசீது வையுங்கள்.

துபாயில் இருக்கிறேன். சித்தப்பா என்னை எக்ஸிகியூட்டராகப் போட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லலாமா?
- நெம்மாறை

தாராளமாக. கோர்ட்டில் எழுதிக் கொடுங்கள்; கொடுத்த பிறகு மனம் மாறி புரொபேட் கேட்க முடியாது. ஆனால் அதற்குள் தோப்பைக் குத்தகைக்கு விட்டோ சித்தப்பாவின் பணத்தை எடுத்தோ இருந்தால் பொறுப்பை ஏற்றதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எழுதிக் கொடுக்கும்வரை எதையும் தொடாதீர்கள்.