டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது டீச்சர், பெயரில்தான் சிக்கல்

கேள்வி: பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். மூன்று மாதம் முன்பு பொள்ளாச்சியில் ஒரு கடையில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். பள்ளியில் இருப்பது கைட் லினக்ஸ் (கேரளப் பள்ளிகளுக்கான, விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளம்) லேப்டாப். அதில் எல்லா வினாத்தாளும் திறக்கிறது. வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகினால் பன்னிரண்டு மட்டும் திறக்கவும் இல்லை, அழிக்கவும் முடியவில்லை. கடையில் காட்டினால், "டிஸ்க் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணணும், இல்லன்னா புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள். அன்று பில்லும் தரவில்லை. கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுக் கடை மேல் எங்கே புகார் கொடுப்பது?

பதில்: டீச்சர், முதலில் ஒன்று. ஃபார்மட் செய்ய யாரையும் விடாதீர்கள். ஒரு வருஷத்து வினாத்தாள் அத்தனையும் போய்விடும். புது டிஸ்க்கும் வாங்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திறக்காதவை என்று டிக் போட்டிருந்த பன்னிரண்டில் பதினொன்றின் பெயர்கள் இப்படித்தான் இருக்கின்றன: "ஓணப் பரீட்சை: 7 பி", "காலை 10:30 அட்டவணை", "மறுகூட்டல் யாருக்கு?". ஒன்றில் முக்காற்புள்ளி (:), இன்னொன்றில் கேள்விக்குறி. பன்னிரண்டாவது ஒரு ஃபோல்டர். அதன் பெயர் "பழைய தாள்கள்." என்று புள்ளியில் முடிகிறது.

லினக்ஸுக்கு ஃபைல் பெயரில் ஆகாத குறி ஒன்றே ஒன்றுதான், சாய்கோடு (/). விண்டோஸுக்கோ \ / : * ? " < > | ஆகிய ஒன்பதும் ஆகாது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தாலும் ஆகாது. உங்கள் டிஸ்க் என்டிஎஃப்எஸ் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும், விண்டோஸின் முறை) முறையில் ஃபார்மட் ஆனது. அந்த முறையில் இப்படிப்பட்ட பெயரையும் எழுத இடம் உண்டு என்பதால் லினக்ஸ் தடுக்காமல் எழுதிவிடுகிறது. விண்டோஸ் அதைக் காட்டும், ஆனால் தொட முடியாது. பார்க்கிறவர்களுக்கு டிஸ்க் பழுதானது போலவே தோன்றும். நிஜமாகவே பழுதான டிஸ்க் என்றால் கடகடவென்று சத்தம் போடும், தானாகத் துண்டித்துக்கொள்ளும், எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் தகராறு செய்யும். உங்களுடையது பள்ளியில் ஒழுங்காக வேலை செய்கிறதே!

பள்ளி லேப்டாப்பிலேயே டிஸ்க்கைச் சொருகி, அந்தப் பன்னிரண்டுக்கும் பெயர் மாற்றுங்கள். முக்காற்புள்ளி இருக்கும் இடத்தில் சிறு கோடு, 10:30 என்பதை 10-30 என்று. பத்து நிமிஷ வேலை. பிறகு வீட்டில் திறக்கும்.

அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் ஒரே பெயருள்ள இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. ஒன்றின் முதல் எழுத்து பெரிய எழுத்து, மற்றதில் சின்ன எழுத்து. தமிழில் அந்த வித்தியாசமே இல்லாததால் நாம் கவனிப்பதில்லை. லினக்ஸுக்கு அவை இரண்டு ஃபைல்கள், விண்டோஸுக்கு ஒரே பெயர். எதைத் தட்டினாலும் ஒன்றே திறக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்பட்டுவிடலாம். இதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

நீளமான தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் (கம்ப்யூட்டர் சேமிக்கும் இடத்தின் அளவு) தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "பள்ளி" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து குறியீடு, 15 பைட். ஆக 85 குறியீட்டோடு பெயர் முடிந்துவிட வேண்டும். வீட்டில் விண்டோஸில் ஏற்றுக்கொண்ட நீளப் பெயர், பள்ளி லேப்டாப்பில் நகலெடுக்கும்போது நின்றுபோவது இதனால்தான்.

இனி டிஸ்க் வாங்கினால் காலியாக இருக்கும்போதே எக்ஸ்ஃபாட் என்ற இன்னொரு அடுக்கு முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், மேக், புதிய லினக்ஸ் மூன்றும் அதில் எழுதும், படிக்கும். ஆகாத குறி போட்டால் லினக்ஸ் அங்கேயே மறுத்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்து தவிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

புகார் விஷயம். டிஸ்க்கில் குறை இல்லை, அதனால் அதற்கு வழக்கு நிற்காது. ஆனால் பில் தராதது தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. அதே சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே, 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். வாளையாறு, கோபாலபுரம் எல்லைகளைத் தாண்டி அலைய வேண்டியதில்லை. எல்லையோரத்தில் இருக்கிற நம்மில் பலருக்கு இது தெரியாமல், "அந்த மாநிலத்துக் கடை, என்ன செய்ய முடியும்" என்று விட்டுவிடுகிறோம். முதலில் கடையில் பில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். பணம் ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வாங்கியதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: வேலந்தாவளத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் டிசைனரின் மேக்கில் போட்டுவந்த பென் டிரைவில் ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில், முன்னால் புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து இன்னொரு குட்டி ஃபைல் இருக்கிறது. திறந்தால் படம் வரவில்லை. வைரஸ் என்று சொல்லி ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வைரஸ் இல்லை, பணம் கொடுக்காதீர்கள். எக்ஸ்ஃபாட், ஃபாட்32 டிரைவில் எழுதும்போது மேக் தன் கூடுதல் விவரங்களை இப்படித் தனி ஃபைலாக வைக்கும். உங்கள் விண்டோஸில் அவற்றை அழித்துவிடலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது. அடிக்கோடு இல்லாத பெரிய ஃபைல்தான் படம், கை தவறி அதை அழித்துவிடாதீர்கள்.