கம்பஸை விட்டுவிடலாமா, ரீச்சர்?

கேள்வி: பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். வீடு புதுக்குடியிருப்பில். 2009இல் அப்பா போன பிறகு அம்மாவும் நானும்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் திங்கள் விடியத்தான் திரும்புவேன். அறைப் பிள்ளைகளோடு பெரிதாகக் கதைப்பதில்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தால், அங்கே அம்மா தனிய இருக்கிறாவே என்று நெஞ்சு அடைக்கிறது. படிப்பும் ஏறவில்லை. விட்டுவிட்டு வந்துவிடலாமா, ரீச்சர்?
- முதலாம் வருட மாணவி

பதில்: விடவேண்டாம் பிள்ளை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவில் உள்ள பாசம்தான் உம்முடைய படிப்பைக் கெடுக்கிறது என்று யாரும் சொன்னால் நம்பாதேயும். வீட்டில் உறுதியான ஒரு ஆள் இருக்கிற பிள்ளைதான் வெளியில் துணிந்து கால்வைக்கும். ஆனால் அம்மா ஒருவராலேயே எல்லாவற்றையும் தர முடியாது. ரொபேர்ட் வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நெருக்கமான ஒரு ஆள் இல்லாத தனிமை ஒன்று. கூட்டாளிகள் வட்டம் இல்லாத தனிமை மற்றது. ஒன்றைக் கொண்டு மற்றதை நிரப்ப முடியாது என்பது அவருடைய முடிவு. அம்மாவோடு இரவிரவாகக் கதைத்தாலும் விடுதியில் உமக்கு வெறுமையாக இருப்பது இதனால்தான். அறைப் பிள்ளைகளோடு சிரிப்பது அம்மாவுக்குச் செய்யும் துரோகம் இல்லையம்மா. அவவின் இடத்தை அவர்கள் எடுக்கப் போவதுமில்லை.

படிப்பு ஏறாததிலும் இந்தக் கூட்டாளி வட்டம் இல்லாததற்குப் பங்குண்டு. கம்பஸில் பாதிப் படிப்பு விரிவுரை மண்டபத்துக்கு வெளியில்தான் நடக்கிறது. பிள்ளைகளே கூடிச் சொல்லிக்கொடுக்கிற குப்பி வகுப்பு, சீனியர் தரும் பழைய வினாத்தாள், நேரம் மாறியது என்ற தகவல் எல்லாம் ஆட்கள் வழியாகத்தான் வரும். அநேகமாக நீர் ஊரில் நிற்கிற சனி, ஞாயிறில்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். அம்மா அழக்கூடாது என்று தங்கள் அழுகையைச் சின்ன வயதிலேயே விழுங்கப் பழகிய பிள்ளைகள். நீரும் போனில் "நல்லா இருக்கிறன்" என்றுதானே சொல்கிறீர்? அம்மாவும் அதையேதான் சொல்லுவா. ஒருநாள் உண்மையைச் சொல்லிப் பாரும். "இங்கே எனக்கு ஆட்கள் இல்லை அம்மா" என்று சொன்னால் அவ உடைந்துபோக மாட்டா. உம்மைத் தனிய வளர்த்து ஆளாக்கியவ அவ.

ஒரேயடியாக வீட்டுக்குப் போகாமல் நிற்கவேண்டாம், அது உம்மால் முடியாது. ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை போம். நிற்கிற கிழமையில் ஒரு குப்பிக்குப் போய் இரும், அது போதும். சிங்களப் பிள்ளைகள் அறையில் இருந்தால் பாஷை வரவில்லை என்று ஒதுங்காதேயும். சேர்ந்து சாப்பிடப் பாஷை தேவையில்லை. நீர் ஊருக்குப் போகாத நாட்களில் சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ அம்மாவோடு வந்து படுக்கலாம். ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கும், அம்மாவை அதற்குப் போகச் சொல்லும். அவவுக்கும் ஒரு வட்டம் வேண்டும்.

நித்திரை, சாப்பாடு இரண்டும் கிழமைக் கணக்கில் குழம்பினால் மாணவ ஆலோசகரிடம் போம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926இல் எந்த நேரமும் தமிழில் கதைக்கலாம். இதெல்லாம் செய்து பார்க்குமுன் விலகல் கடிதம் எதிலும் கையெழுத்து வைக்கவேண்டாம்.