விடுதலைப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 63 வயது. கணவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள எங்கள் வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. இளைய மகனுக்கு 27 வயது, அறிவுசார் மாற்றுத்திறனாளி. பகல்நேர மையத்துக்குப் போய் வருவான். கீழே போய்ப் பால் வாங்கி வருவான், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவான். இப்போது குடியிருப்புச் சங்கத்தில், அவனைத் தனியாகக் கீழே அனுப்பக் கூடாது என்று காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவனுக்கு வரும் அரசு உதவித்தொகையை எடுக்கப் போனால், மனநலச் சட்டப்படி கோர்ட் உத்தரவு கொண்டு வாருங்கள் என்கிறது வங்கி. வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன், "தம்பிக்குச் சொத்தில் உரிமை வராது, வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள், அவனை நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம்" என்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டிருப்பது நாலு கேள்வி. அவசரமானது கடைசியில் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, நோயோ உடற்குறையோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை போகாது என்று நேரடியாகவே சொல்கிறது. வீடு உங்கள் கணவர் சம்பாதித்து வாங்கியதாக இருந்தால், அவர் இறந்த அன்றே அது உங்களுக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காகப் பிரிந்துவிட்டது. (உங்கள் மாமியார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் நாலு பங்கு. அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) ஆக, இளையவருக்குப் பங்கு வருமா வராதா என்பதே கேள்வி இல்லை. அவர் ஏற்கெனவே அந்த வீட்டின் உரிமையாளர்களில் ஒருவர்.

அவர் பங்கை அண்ணனுக்கு இலவசமாக விட்டுக்கொடுக்க உங்களால் முடியாது. உங்கள் பங்கை மட்டும் எழுதிக் கொடுப்பீர்கள் என்றாலும் யோசியுங்கள். விடுதலைப் பத்திரமோ (சொத்தில் உங்கள் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) செட்டில்மெண்டோ (குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்), பதிவாகிவிட்டால் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. "தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொள்வேன்" என்று மூத்தவர் வாயால் சொல்வது பத்திரத்தில் ஏறாது. மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 2007-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 23-வது பிரிவு பாதுகாப்பது எழுதிக் கொடுத்த உங்களை. உங்களைக் கவனிப்பேன் என்ற நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். உங்களுக்குப் பிறகு இளையவரைக் கவனிக்காமல் விட்டால், அதைச் சொல்லி அந்தப் பிரிவின் கீழ் மனுப் போட நீங்கள் இருக்க மாட்டீர்கள். மூத்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் நாளைக்குக் கடன் வரலாம், குடும்பத்தில் பிரச்சினை வரலாம். அப்போது அந்த வீடு அவருடைய சொத்தாக மட்டுமே பார்க்கப்படும்.

அப்புறம் வங்கி. வங்கியில் கேட்பது தவறான காகிதம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய்க்கானது. அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறையிலிருந்து அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் மகனுக்குப் பொருந்துவது 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் உரிய சட்டம் அது. அதன்படி மாவட்ட ஆட்சியர் அளவிலான அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழு, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். பெற்றோரே மனுச் செய்யலாம், நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அடையாள அட்டை, மருத்துவச் சான்று, ஆதார், வயதுச் சான்று, கணவரின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இந்தக் குழு தரும் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளுக்கு முன்பே தெளிவுபடுத்தியிருக்கிறது. மேலாளர் மறுத்தால், மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும்.

காப்பாளர் ஆவது சும்மா ஒரு கையெழுத்து அதிகாரம் இல்லை. நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் உங்கள் மகனுடைய சொத்து, வரவு, கடன் பட்டியலைக் குழுவிடம் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும். அவரைக் கவனிக்காமல் விட்டாலோ சொத்தைக் கையாடினாலோ காப்பாளரை நீக்கவும் வழி இருக்கிறது. அதனால் அவர் செலவுக்கென்று ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள். மருந்து, வேன் கட்டணம், துணிமணி எல்லாம் தேதியோடு அதில் ஏறட்டும்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயம் ஒன்று. காப்பாளர் சான்று வாங்கியதும், அவரை எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று பல வீடுகளில் முடிவு செய்துவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சொத்து வைத்திருக்கவும் தன் பணத்தைக் கையாளவும் மற்றவர்களைப் போலவே அவருக்கும் உரிமை உண்டு என்கிறது 13-வது பிரிவு. 14-வது பிரிவு பேசும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையும், இருவரும் புரிந்துகொண்டு சேர்ந்து முடிவெடுப்பதுதான். பால் வாங்கக் காசு கொடுத்து மீதி வாங்கத் தெரிந்தவர், எங்கே இருக்கப் பிடிக்கும் என்றும் சொல்வார். 13-வது பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு பரிவர்த்தனையில் துணை நிற்பவரின் ஆதாயமும் மாற்றுத்திறனாளியின் ஆதாயமும் முரண்பட்டால், அந்தப் பரிவர்த்தனையில் அவர் விலகிக்கொள்ள வேண்டும். வீட்டைப் பாகம் பிரிக்கும்போது இது உங்களுக்கும் பொருந்தும், மூத்தவருக்கும் பொருந்தும். அந்த வேலைக்கு உங்கள் அண்ணனோ தங்கையோ, பங்கில்லாத ஒருவர் இளையவர் பக்கம் நிற்கட்டும்.

இல்லம் பற்றி: அதே சட்டத்தின் 5-வது பிரிவுப்படி சமூகத்தில் வாழ்வது அவருடைய உரிமை. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டிலேயே கிடைக்கும் உதவி, தனி உதவியாளர், பகல்நேரச் சேவை இவையெல்லாம் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். நடைமுறையில் எல்லா ஊரிலும் இருக்கிறதா என்றால், இல்லை. ஆனால் அவருக்குப் பகல்நேர மையம் இருக்கிறது, பழகிய தெரு இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டுத் தெரியாத ஊர் இல்லத்தில் சேர்ப்பது கடைசி யோசனையாக இருக்கட்டும். தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் அவரை இன்னும் சேர்க்கவில்லை என்றால் உடனே சேருங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

குடியிருப்புச் சங்கத்துக்கு முதலில் வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். நாளைக்கும் அவர்களோடுதான் இருக்கப் போகிறீர்கள். பொருளாளரோ செயலரோ, பேசக்கூடிய ஒருவரைப் பிடித்து, என்ன நடந்தது என்று இப்படிச் சொன்னார்கள் என்று கேளுங்கள். உண்மையில் ஏதாவது நடந்திருந்தால் தீர்வு தேடலாம். ஒன்றுமில்லாமல் தடுக்கிறார்கள் என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். கேட்கவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். யாராவது பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அதே சட்டத்தின் 92-வது பிரிவுப்படி அது குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே வீசாதீர்கள்.

இனி உயில். உங்கள் மூன்றில் ஒரு பங்கை இளையவர் நலனுக்காக ஒரு தனியார் டிரஸ்டுக்கு (அவருக்காகச் சொத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளை) போகும்படி எழுதலாம். அதை நிர்வகிக்கும் டிரஸ்டியாக ஒருவர் மட்டும் வேண்டாம், இரண்டு மூன்று பேர் இருக்கட்டும். அதில் ஒருவர் உங்களைவிடக் கணிசமாக இளையவராக இருப்பது அவசியம். மூத்தவரும் ஒரு டிரஸ்டியாக இருக்கலாம், தனியாக வேண்டாம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், பலன் பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் செய்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு யார் காப்பாளர் என்று உயிலில் விருப்பம் தெரிவிக்கலாம், ஆனால் அதனால் மட்டும் அவர் காப்பாளர் ஆகிவிட மாட்டார். நியமிப்பது குழுதான். அந்த ஆளை இப்போதே மையத்துக்கும் வங்கிக்கும் ஒருமுறை கூட்டிப்போய் அறிமுகம் செய்து வையுங்கள். வீட்டை எழுதிக் கேட்கும் மூத்த மகனுக்குப் பதில் சொல்லும் முன், வாரிசுச் சான்றிதழையும் வீட்டின் மூலப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.